தூக்கத் தரவும் அறை நிறைய ஒளியும்: கோளாறு வந்தால் எங்கே பார்ப்பது?

வாட்ச், மோதிரம், தலைப்பட்டை என்று எது பதிந்ததானாலும், ஒருவருடைய இரவை எடுத்து நாலு சுவரிலும் ஒளியாக ஓடவிடும் வேலையில் கோளாறுகள் புதிது புதிதாக வருவதில்லை. அதே பத்துப் பன்னிரண்டுதான் ஆள் மாற்றி ஆள், அறை மாற்றி அறை வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாகப் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைக் கடிக்கும் காரணம் கடைசியில். உதாரணங்கள் பெரும்பாலும் டச்டிசைனரும் (நேரலைப் படங்களை உருவாக்கும் மென்பொருள்) பைத்தானும் (நிரல் மொழி). ப்ராசஸிங், பி5, யூனிட்டியில் வேலை செய்பவர்களுக்கும் காரணங்கள் இவைதான், பட்டன்களின் பெயர்தான் மாறும்.

## எதையும் தொடுமுன் இரவை மாற்றிப் பாருங்கள்

ஒழுங்காக ஓடும் என்று தெரிந்த ஓர் இரவின் ஃபைலை எப்போதும் கையில் வைத்திருங்கள். இல்லாதவர்கள் பிசியோநெட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்லீப்-ஈடிஎஃப் தொகுப்பிலிருந்து ஒன்றை இறக்கிக்கொள்ளலாம். மூளை அலையும், 30 விநாடிக்கு ஒருமுறை ஆய்வாளர் பார்த்துக் குறித்த தூக்க நிலையும் சேர்ந்தே வரும். படத்தில் எது தப்பாகத் தெரிந்தாலும் முதல் வேலை, உங்கள் ஃபைலைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனை இரவைச் செருகுவது.

- சோதனை இரவு சரியாக ஓடுகிறது, உங்கள் இரவுதான் சொதப்புகிறது என்றால் கோளாறு தரவில்.
- இரண்டும் ஒரே மாதிரி சொதப்பினால் படம் வரையும் பக்கத்தில்.
- லேப்டாப் திரையில் சரியாக இருந்து சுவரில் மட்டும் சொதப்பினால் கேபிளும் ப்ரொஜெக்டரும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் ஷேடர் (ஒவ்வொரு பிக்சலின் நிறத்தையும் கணக்கிடும் சின்ன நிரல்) பிரியர்கள். ஏதாவது இடறினால் உடனே ஷேடரைத் திறந்து எண்களைத் திருகத் தொடங்கிவிடுவார்கள். தப்பு பெரும்பாலும் அட்டவணையில் உட்கார்ந்திருக்கும். அதனால் நேரம் கிடையாக, நிலை செங்குத்தாக ஒரு சாதாரணப் படிக்கட்டு வரைபடம் போட்டுப் பாருங்கள். வயது வந்த, ஆரோக்கியமானவரின் இரவு என்றால் ஆழ்ந்த உறக்கம் முன்னிரவில் அதிகமாக இருக்கும். கனவு உறக்கம் விடியலை நெருங்க நெருங்க நீளும். இந்தச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒன்றாக நாலைந்து முறை வரும். இது கண்ணுக்குத் தெரியாதவரை ஷேடர் பக்கமே போகாதீர்கள்.

## மாலை 5.30க்கே தூங்கப் போனதாகக் காட்டுகிறது

இரவு 11 மணிக்குப் படுத்தவர் மாலை 5.30க்குப் படுத்ததாகப் படம் சொன்னால் யோசிக்கவே வேண்டாம், நேரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். சில நிரல்கள் முழு மணிக்கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு 5 மணியைக் கூட்டி, அரை மணியை விழுங்கிவிடும். முழு மணி வித்தியாசத்தில் இருக்கும் ஊர்க்காரர்கள் எழுதிய நிரலில் இது சகஜம். அரை மணி பிசகு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது என்பதால்தான் இது மோசமான பிழை.

பார்க்க வேண்டியது ஒன்றுதான். நேரத்தின் வால் பகுதியில் என்ன இருக்கிறது? +0530 என்று இருந்தால் அது உள்ளூர் நேரம். இசட் எழுத்து இருந்தால் யூடிசி. ஒன்றுமே இல்லாவிட்டால் அந்தச் சாதனத்தின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டுதான் தொட வேண்டும்.

தூக்க நிலை சரி, இதயத் துடிப்பு மட்டும் ஒத்துப்போகவில்லை என்றால்: ஒரே ஏற்றுமதிக்குள் தூக்க ஃபைல் உள்ளூர் நேரத்திலும், துடிப்பு ஃபைல் யூடிசியிலும் இருக்கலாம். எழுந்த நிமிடத்தைத் தேடுங்கள். அங்கே துடிப்பு மேலே ஏற வேண்டும். அந்த ஏற்றம் எத்தனை மணி தள்ளி இருக்கிறதோ அதுதான் திருத்த வேண்டிய அளவு.

இரவின் பின்பாதி முதலில் ஓடுகிறது என்றால்: தேதியை விட்டுவிட்டுக் கடிகார நேரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். 00:30 என்பது 23:00க்கு முன்னால் வந்து நின்றுவிடும். தேதியையும் சேர்த்து வரிசைப்படுத்தினால் சரி.

லண்டன், டொராண்டோவில் இருப்பவர்களின் ஆண்டுத் தொகுப்பில் இரண்டு நாட்கள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். கடிகாரத்தை மாற்றும் அந்த நாட்களில் ஒன்றுக்கு 23 மணி நேரம், இன்னொன்றுக்கு 25.

## 8 மணி நேரத் தூக்கம் 15 மணி நேரமாக நீள்கிறது

ஆப்பிள் ஹெல்த்திலிருந்து ஏற்றுமதி செய்தவர்களுக்கு இது கிட்டத்தட்ட உறுதியாக வரும். அந்த எக்ஸ்எம்எல் ஃபைலில் வாட்ச் எழுதிய வரிகள் இருக்கும். 'படுக்கையில் இருந்தார்' என்று ஃபோன் எழுதிய வரிகளும் இருக்கும். என்றோ நிறுவி மறந்துபோன ஏதாவது தூக்க ஆப் எழுதியவையும் இருக்கும். எல்லாம் ஒரே இரவைப் பற்றியவை, ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடப்பவை. மொத்தத்தையும் கூட்டினால் குடும்பமே தூங்கிய கணக்கு வரும்.

சரிசெய்ய, ஒவ்வொரு வரியிலும் எந்தச் சாதனம் எழுதியது என்ற குறிப்பு இருப்பதைப் பயன்படுத்துங்கள். வாட்சின் வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுங்கள். 'படுக்கையில்' என்ற வகையையும் எடுத்துவிடுங்கள். அது தூக்க நிலையே கிடையாது. மிஞ்சுவது நாலு: விழிப்பு, கோர் என்று அவர்கள் சொல்லும் மெல்லுறக்கம், ஆழ்ந்த உறக்கம், கனவு உறக்கம். இந்தப் பிரிவு 2022இல் வந்த வாட்ச்ஓஎஸ் 9க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய இரவுகளில் வெறும் 'தூங்கினார்' மட்டுமே இருக்கும். பழைய இரவுகள் ஒரே நிறத்தில் தட்டையாக வந்தால் அதற்கு மருந்து இல்லை. அப்படியே விடுங்கள், அல்லது அந்த ஆண்டுகளைத் துடிப்பை வைத்து மட்டும் வரையுங்கள்.

ஃபைல் திறக்கவே இல்லை, பிரவுசர் உறைந்து நிற்கிறது என்றால்: பல வருடங்களாக வாட்ச் கட்டுபவரின் ஏற்றுமதி ஒரு ஜிபியைத் தொடலாம். அதைப் பி5இல் நேராக ஏற்றுவது நடக்காத காரியம். பைத்தானில் வரி வரியாகப் படித்து, தூக்க வரிகளை மட்டும் பொறுக்கிச் சின்ன சிஎஸ்வியாக எழுதிக்கொண்டு அதை ஏற்றுங்கள்.

## சில இரவுகளில் மட்டும் நிலைகளே இல்லை

ஃபிட்பிட்டில் இது தெரிந்த விஷயம். பட்டை தளர்வாக இருந்தாலோ, பேட்டரி அடிமட்டத்தில் இருந்தாலோ, தூக்கம் 3 மணி நேரத்துக்குக் குறைந்தாலோ, நாலு நிலைகளுக்குப் பதிலாகத் தூக்கம், அமைதியின்மை, விழிப்பு என்ற பழைய மூன்று பிரிவுகளைத்தான் தரும். உங்கள் நிரல் நாலை எதிர்பார்த்து நிற்கும். ஒவ்வோர் இரவும் எந்த வகை என்பது ஃபைலிலேயே எழுதியிருக்கும். அதைப் பார்த்து இரண்டு வழியாகப் பிரியுங்கள். குட்டித் தூக்கங்களும் இப்படித்தான் வரும்.

அதே ஃபைலில் இன்னொன்று: 3 நிமிடத்துக்கு உட்பட்ட சின்ன விழிப்புகள் தனிப் பட்டியலில் கிடக்கும். அதை விட்டுவிட்டால் யாருமே நடுவில் புரளாத பொம்மைத் தூக்கம்தான் திரையில் வரும்.

## விழிக்கும்போது கனவு நிறம் மின்னி மறைகிறது

இதில் கொஞ்சம் நிற்கலாம். படம் அழகாகத்தான் ஓடும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ஆனால் சொல்வது பொய்யாக இருக்கும்.

ஔரா மோதிரத்தின் தரவை எடுத்துக்கொள்வோம். 5 நிமிடத்துக்கு ஓர் எண்: 1 ஆழ்ந்த உறக்கம், 2 மெல்லுறக்கம், 3 கனவு உறக்கம், 4 விழிப்பு. நிறங்கள் வெட்டி வெட்டி மாறுவது கண்ணை உறுத்துகிறது என்று டச்டிசைனரில் லேக் அல்லது ஃபில்டர் சாப் (சாப் எண்களைக் கையாளும் கட்டம், டாப் படங்களை, டாட் எழுத்துகளை) போட்டு மெதுவாக்குகிறோம். அட்டவணையில் இப்படி இரண்டு வரி வருகிறது என்று வையுங்கள்:

02:10, 1
02:15, 4

குழந்தை அழுததால் தூங்கியவர் எழுந்திருக்கிறார். ஆழ்ந்த உறக்கத்திலிருந்து நேராக விழிப்பு. மெதுவாக்கிய எண் 1இலிருந்து 4க்குப் போகும் வழியில் 2ஐயும் 3ஐயும் தொட்டுவிட்டுப் போகிறது. திரையில் கருநீலம், பிறகு பச்சை, பிறகு அரை விநாடி ஊதா, பிறகு வெள்ளை. அந்த ஊதா கனவு உறக்கத்தின் நிறம். அந்த நேரத்தில் கனவு உறக்கம் நடக்கவே இல்லை. பார்ப்பவர்கள் "எழுந்திருக்கும் முன் ஒரு கனவு வந்திருக்கிறது பாருங்கள்" என்று பேசிக்கொண்டு போவார்கள்.

சரிசெய்வது எளிது. நிலையை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். நாலு நிலைக்கு நாலு நெடுவரிசை, ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1. இந்த நாலையும் தனித்தனியாக மெதுவாக்குங்கள். இப்போது ஆழ்ந்த உறக்கத்தின் நிறம் இறங்கும்போது விழிப்பின் நிறம் ஏறும், நடுவில் வேறு யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். நிறங்களைக் கலக்கும்போது நாலின் கூட்டுத்தொகையால் வகுத்துக்கொண்டால் பிரகாசமும் தாவாது.

சோதிக்க, மேலே உள்ள இரண்டு வரிகளை மட்டும் கையால் தட்டி ஓடவிடுங்கள். ஊதா தெரிந்தால் இன்னும் எங்கோ பழைய ஒற்றை எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சாதனம் மாறினால் எண்களின் பொருளும் மாறும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்லீப்-ஈடிஎஃப்பில் நிலைகள் 1968ஆம் ஆண்டின் பழைய விதிப்படி 1, 2, 3, 4 என்று இருக்கும். அங்கே 4 என்றால் மிக ஆழ்ந்த உறக்கம், மோதிரத்தில் 4 விழிப்பு. 2007க்குப் பிந்தைய விதியில் பழைய 3ஐயும் 4ஐயும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். உங்கள் படத்திலும் சேர்த்துவிடுங்கள். அசைவு, தெரியவில்லை என்ற இரண்டு குறிகளும் அதில் உண்டு. அவற்றுக்கு நிறம் தராமல் முந்தைய நிலையையே தொடரவிடுவது என் வழக்கம்.

## எல்லாம் இணைந்திருக்கிறது, படம் அசையவில்லை

அலகைப் பாருங்கள். பைத்தானில் எம்என்ஈ (மூளை அலைகளுக்கான நிரல் தொகுப்பு) கொண்டு மூளை அலையைப் படித்தால் எண்கள் வோல்ட்டில் வரும். ஆழ்ந்த உறக்கத்தின் பெரிய அலைக்கே அடி வரம்பு 75 மைக்ரோவோல்ட்தான், அதாவது 0.000075. ஷேடருக்கு அது சுழிதான். பத்து லட்சத்தால் பெருக்கி மைக்ரோவோல்ட்டாக்குங்கள்.

நீளத்தைப் பாருங்கள். ஸ்லீப்-ஈடிஎஃப்பில் வீட்டில் பதிந்த ஃபைல்கள் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடும். பகல் முழுவதும் அதில் இருக்கும். 10 நிமிடப் படைப்பாகச் சுருக்கினால் முதல் சில நிமிடங்கள் வெறும் விழிப்புதான். அசையவில்லை என்று நினைத்தது உண்மையில் அந்த ஆள் இன்னும் தூங்கவே போகாதது. தூக்கத்துக்கு அரை மணி முன்பும் அரை மணி பின்பும் வெட்டிக்கொள்ளுங்கள்.

வேகத்தைப் பாருங்கள். 8 மணி நேரத்தை 16 நிமிடமாக்கினால் 30 விநாடித் துண்டு ஒவ்வொன்றும் சரியாக 1 விநாடி நிற்கும். தொடங்குவதற்கு நல்ல அளவு இது. இதைவிட வேகமாகப் போனால் சின்ன விழிப்புகள் மினுக்கலாகிவிடும். மெதுவாகப் போனால் பார்வையாளர் நகர்ந்துவிடுவார்.

## நடுவில் திரை கறுத்து, திரும்பி வரவே இல்லை

கறுத்து, பிறகு தானாக வருகிறது: தரவில் ஓட்டை இருக்கிறது, அதை யாரோ 0 போட்டு அடைத்திருக்கிறார்கள். வாட்சின் துடிப்பு அளவு சீரான இடைவெளியில் வராது. கையைத் தலைக்கடியில் வைத்துப் படுத்தால் சில நிமிடங்கள் வராமலும் போகும். தூங்குபவரின் துடிப்பு 0 ஆக முடியாது. முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து நிரப்புங்கள். ஓட்டை 10 நிமிடத்துக்கு மேல் என்றால் நிரப்பாமல், அந்த இடத்தைப் படத்தில் வேறு விதமாகக் காட்டுங்கள். இல்லாததை இருப்பதுபோல வரைய வேண்டாம்.

கறுத்தது கறுத்ததுதான்: NaN, அதாவது 'எண்ணே அல்ல' என்ற மதிப்பு ஒன்றே ஒன்று, முந்தைய ஃப்ரேமை அடுத்ததில் கலக்கும் ஃபீட்பேக் வளையத்துக்குள் நுழைந்துவிட்டது. 0ஐ 0ஆல் வகுத்தாலும், எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தாலும் அது பிறக்கும். ஃபீட்பேக்கில் பிளர் இருந்தால் ஒரு பிக்சலிலிருந்து பக்கத்துப் பிக்சலுக்குத் தொற்றி, சில விநாடிகளில் திரை முழுக்கப் பரவிவிடும். ஃபீட்பேக்கை ரீசெட் செய்து பாருங்கள். உயிர் வந்து, இரவின் அதே இடத்தில் மறுபடி செத்தால் அந்த நிமிடத்தின் வரியைப் போய்ப் பாருங்கள், குற்றவாளி அங்கே இருப்பான். தரவைச் சுத்தம் செய்வதோடு, ஷேடரின் கடைசி வரியில் மதிப்பை ஒரு வரம்புக்குள் கட்டி, NaN வந்தால் 0 ஆக்கும் ஒரு சோதனையையும் போட்டுவிடுங்கள்.

## 10 விநாடிக்கு ஒருமுறை முதலிலிருந்து ஓடுகிறது

டச்டிசைனரின் டைம்லைன் புதிதாகத் திறக்கும்போது 600 ஃப்ரேம், விநாடிக்கு 60. ஆக 10 விநாடி. அதன்படி ஓடவிட்டிருக்கிறீர்கள். டைமர் சாப் வைத்து ஓட்டுங்கள், அல்லது டைம்லைனோடு கட்டுப்படாத மொத்த நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் வழவழப்பு, இரண்டாம் நாள் இரவு திக்கல்: மொத்த நேரத்தை அப்படியே ஷேடருக்குள் அனுப்பினால் வரும் வினை. ஷேடரில் எண் 32 பிட். 131072 விநாடி, அதாவது 36 மணி நேரம் கடந்ததும் அந்த எண்ணால் 1/64 விநாடிக்குக் குறைந்த நகர்வைச் சொல்லவே முடியாது. ஒரு ஃப்ரேமும் அதே அளவுதான். எனவே சில ஃப்ரேம் நிற்கும், சில ஃப்ரேம் தாவும். நினைவகம் நிறைந்துவிட்டது, கிராபிக்ஸ் கார்டு சூடாகிவிட்டது என்று புதிய கார்டு வாங்கியவர்களும் உண்டு. கணினியை ரீஸ்டார்ட் செய்ததும் சரியாகிவிடுவதால் அந்தச் சந்தேகம் இன்னும் பலப்படும். செய்ய வேண்டியது, நேரம் ஷேடருக்குப் போகும் முன்பே அதைப் படைப்பின் நீளத்தால் வகுத்து மீதியை மட்டும் அனுப்புவது. 16 நிமிடப் படைப்பு என்றால் எண் 960ஐத் தாண்டாது.

அதையும் செய்த பிறகு திக்கினால் அப்போது வெப்பத்தைப் பாருங்கள், விசிறியில் தூசி தட்டுங்கள். கார்டு வாங்குவது கடைசி.

## பழைய சுவடு மறையவில்லை, இருட்டில் பட்டை பட்டையாகத் தெரிகிறது

இரண்டுக்கும் காரணம் ஒன்றே, 8 பிட் படம் (ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டும்). சுவடு ஒவ்வொரு ஃப்ரேமிலும் கொஞ்சம் மங்க வேண்டும். 8 பிட்டில் கொஞ்சம் என்பதற்கு ஓர் அளவுக்குக் கீழே இடமில்லாததால், அடிமட்டச் சாம்பல் அப்படியே உறைந்துவிடும். ஃபீட்பேக் டாப்பையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் 16 பிட் ஃப்ளோட்டுக்கு மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பயனில்லை, வளையத்தில் எங்கே 8 பிட் இருந்தாலும் அங்கே சிக்கும்.

தூக்கப் படைப்புகள் இயல்பாகவே இருண்டவை என்பதால் பட்டைகள் நம்மை மற்றவர்களைவிட அதிகமாகப் படுத்தும். திரைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு நாய்ஸ் கலந்துவிடுங்கள். பட்டைகள் உடைந்துவிடும்.

படம் 1280 பிக்சலுக்கு மேல் போக மறுக்கிறதா? அது கோளாறில்லை. டச்டிசைனரின் இலவச உரிமத்தின் வரம்பு. இங்கேதான் முதல்முறை காசு செலவாகும்.

## நேரலையில் தலைப்பட்டை: படம் நிற்காமல் நடுங்குகிறது

தூங்குபவர் அறையில் இருக்க, அவர் மூளை அலை அப்போதே சுவரில் ஓடும் வகைப் படைப்புகளுக்கு இது.

1. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நடுக்கம் குறைந்தால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். அந்த ஓர் அலைவரிசையை மட்டும் வெட்டும் 50 ஹெர்ட்ஸ் நாட்ச் ஃபில்டர் போடுங்கள். அமெரிக்க நிரலை அப்படியே எடுத்திருந்தால் அதில் 60 என்று இருக்கும், மாற்றுங்கள்.
2. நெற்றியையும் காதோரத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் பட்டையை மாட்டுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த அன்று எந்த எலக்ட்ரோடும் ஒழுங்காக ஒட்டாது. முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது.
3. ஒருக்களித்துப் படுத்தால் காதோர சென்சார் தலையணையில் நசுங்கும். எந்தப் பக்கம் படுக்கும்போது நடுங்குகிறது என்று கவனியுங்கள்.
4. ஃபில்டர், எண்ணெய், தலையணை எல்லாம் சரி, இன்னும் நடுங்குகிறது என்றால் அறையின் எர்த் இணைப்பில் சந்தேகம் வையுங்கள். சுவிட்ச்போர்டைத் தொட்டால் லேசாகச் சுரீர் என்கிறது, ஸ்பீக்கரும் சேர்ந்து முனகுகிறது என்றால் அதோடு நிறுத்திக்கொண்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒருவர் தலையில் எலக்ட்ரோடு வைத்திருக்கும் அறையில் நாமே பிளக்கைக் கழற்றி எர்த் பார்ப்பது கூடாது. எலக்ட்ரீஷியன் வரும்வரை பேட்டரியில் ஓடும், வயரில்லாத பட்டை மட்டும் போதும்.

சிக்னல் வரவே இல்லை: அனுப்பும் கருவியும் பெறும் கணினியும் ஒரே வைஃபையில் இருக்கின்றனவா? போர்ட் எண் இரண்டிலும் ஒன்றா? 127.0.0.1க்கு அனுப்பினால் அது தன் கணினிக்குள்ளேயே சுற்றும், வெளியே போகாது. விண்டோஸ் ஃபயர்வாலை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். அதே போர்ட்டை இன்னொரு மென்பொருள் பிடித்துக்கொண்டிருக்கலாம். அப்புறம், டச்டிசைனரில் நெட்வொர்க் செய்திகளை வாங்கும் ஓஎஸ்சி இன் சாப் எண்களை மட்டும்தான் வாங்கும். 'ஆழ்ந்த' என்று சொல்லாக அனுப்பினால் அது காதில் போட்டுக்கொள்ளாது, அதற்கு டாட் வேண்டும். கல்லூரி, ஹோட்டல் வைஃபைகளில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்கவே விட மாட்டார்கள். சொந்தமாக ஒரு சின்ன ரௌட்டர் கொண்டுபோவதுதான் அதற்கு வழி.

## லேப்டாப்பில் கறுப்பு, சுவரில் சாம்பல்

ப்ரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. அறையில் இருக்கும் வெளிச்சம்தான் அதன் கறுப்பு. முதலில் எக்ஸிட் விளக்கு, ஜன்னல் இடுக்கு, கணினியின் எல்ஈடி எல்லாவற்றையும் மறையுங்கள். அடுத்து ப்ரொஜெக்டரின் பட முறையை மாற்றுங்கள். 'டைனமிக்' இருட்டை வெளுப்பாக்கும், 'சினிமா' பரவாயில்லை. எச்டிஎம்ஐ அளவு 'முழு', 'குறுகிய' என்று இரண்டு இருக்கும். கணினியிலும் ப்ரொஜெக்டரிலும் அது ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் இருட்டு வெளுக்கும் அல்லது நசுங்கும். சுவருக்குப் பளபளப்பில்லாத சாம்பல் பெயின்ட் அடிப்பது அடுத்தது, செலவு குறைவு, பலன் அதிகம். அதற்கு மேல் நல்ல கான்ட்ராஸ்ட் உள்ள ப்ரொஜெக்டரை வாடகைக்கு எடுப்பது.

காலையில் வந்து பார்த்தால் படம் சின்னதாக, ஓரத்தில்: ப்ரொஜெக்டர் அணைந்திருக்கும்போது கணினி எழுந்திருக்கிறது. எதிரே யாரும் இல்லை என்று ஏதோ ஓர் அளவைத் தானே பிடித்துக்கொண்டது. ப்ரொஜெக்டரை முதலில் போட்டு, பிறகு கணினியைப் போடுங்கள். அதைக் காவலாளி செய்ய வேண்டிய இடம் என்றால் ப்ரொஜெக்டர் எப்போதும் இருப்பதாகக் கணினிக்குக் காட்டும் ஈடிஐடி எமுலேட்டர் ஒன்றைக் கேபிள் நடுவில் செருகிவிடுங்கள், பிறகு வரிசை பற்றிய கவலை இல்லை.

படம் நடுநடுவே போய்ப் போய் வருகிறது: கேபிளை மாற்றுங்கள். 15 மீட்டர் சாதாரணச் செப்புக் கேபிளில் 4கே 60 ஃப்ரேமை நம்ப வேண்டாம், ஆப்டிகல் எச்டிஎம்ஐ போடுங்கள். சில மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் அணைகிறது என்றால் ப்ரொஜெக்டரின் காற்று ஃபில்டரைக் கழற்றுங்கள். பக்கவாட்டு மூடியைத் தள்ளினால் கருப்புப் பஞ்சு ஒன்று வரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஓட்டைகள் தெரிய வேண்டும். தெரியாமல் கம்பளித் துணிபோல அடைத்திருந்தால் அதுதான் காரணம். சுத்தம் செய்த பிறகும் அணைந்தால் உள்ளே கை வைக்காமல் சர்வீஸுக்கு அனுப்புங்கள். இரண்டு மூன்று ப்ரொஜெக்டர்களின் விளிம்பை ஒட்டும் வேலையில் அரை நாளுக்கு மேல் போனால், மேப்பிங் செய்பவரைக் கூப்பிடுவது உங்கள் நேரத்தைவிட மலிவு.

கரண்ட் போய் வரும் ஊர் என்றால் கணினிக்கு யூபிஎஸ் கட்டாயம். அத்துடன் பயாஸில் மின்சாரம் வந்ததும் தானே எழும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். விண்டோஸின் தானியங்கி உறக்கத்தை அணைக்க மறந்தவர்கள் ஏராளம். தூக்கத்தைப் பற்றிய படைப்பில் கணினி தூங்கிப்போவது யாருக்கும் நகைச்சுவையாகத் தோன்றுவதில்லை.

## பார்ப்பவர்களுக்குத் தலை சுற்றுகிறது, கண் கூசுகிறது

இந்த ஒன்றில் மட்டும் முதலில் படத்தை நிறுத்துங்கள், பிறகு காரணம் தேடுங்கள்.

மூளை அலையை அப்படியே பிரகாசத்தோடு கட்டியிருந்தால் அதுதான் காரணம். மெல்லுறக்கத்தில் வரும் ஸ்பிண்டில்கள் (சிறு சிறு மூளை அலைக் கொத்துகள்) விநாடிக்கு 11 முதல் 16 முறை துடிப்பவை. அதை வெளிச்சமாக்கினால் அறை முழுக்க அதே வேகத்தில் மின்னும். வலிப்பு வரும் வாய்ப்பு உள்ளவர்களுக்கு அது ஆபத்து. இணையத் திரைகளுக்கான அணுகல் விதி விநாடிக்கு 3 மின்னலைத் தாண்டக் கூடாது என்கிறது. திரையைவிட அறை பெரியது, அதனால் அதை மேல் வரம்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். அடர் சிவப்பு மின்னலை முற்றாகத் தவிருங்கள்.

அலைக்குப் பதிலாக அலையின் வீச்சு எப்படி ஏறி இறங்குகிறது என்ற மேல்கோட்டை எடுத்துக்கொண்டால் ஸ்பிண்டில் ஒரு மெல்லிய வீக்கமாக வந்து போகும். பார்க்கவும் அதுதான் அழகு. விஆர் கண்ணாடியில் சுற்றல் வந்தால் ஃப்ரேம் வேகம் கண்ணாடியின் வேகத்துக்குக் குறைகிறதா என்று பாருங்கள். பார்வையாளர் நகராமல் இருக்கும்போது கேமராவை நகர்த்தாதீர்கள். யாருக்காவது மயக்கமோ இழுப்போ வந்தால் ஆம்புலன்ஸுக்கு (இந்தியாவில் 108) அழையுங்கள், நிகழ்ச்சி அன்றைக்கு முடிந்தது.

## படம் சரி, தரவுதான் பயமுறுத்துகிறது

எல்லாக் கோளாறையும் நீக்கிய பிறகும் ஓர் இரவு வெட்டுப்பட்டே நிற்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு விழிப்பு, கூடவே ஆக்சிஜன் அளவு இறங்கி ஏறும் பல்வரிசை. முதலில் சாதனத்தைச் சந்தேகியுங்கள். பட்டையை இறுக்கி இன்னும் சில இரவுகள் பதியுங்கள், முடிந்தால் வேறு சாதனத்தில். அப்போதும் அதே வடிவம் வந்து, அவர் சத்தமாகக் குறட்டை விடுபவராகவும் பகலில் அசந்து தூங்குபவராகவும் இருந்தால் நுரையீரல் மருத்துவரையோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரையோ பார்க்கச் சொல்லுங்கள். வாட்ச் நோயை முடிவு செய்யாது, நாமும் செய்யக் கூடாது. அவர்கள் தேவைப்பட்டால் இரவு முழுக்கப் பதியும் பாலிசோம்னோகிராஃபி எழுதித் தருவார்கள். கொண்டுபோக வேண்டியது நம் வண்ணப் படத்தை அல்ல, நேரமும் ஆக்சிஜன் அளவும் உள்ள மூல அட்டவணையை. அந்த ஆளின் இரவைச் சுவரில் தொடர்ந்து ஓட்டலாமா என்பதை அவரிடமே மறுபடி ஒருமுறை கேட்டுவிடுங்கள்.